முப்பத்தொரு படங்களில் எங்கள் வீடு

லெய்ரா பண்ணை
6 ஜூன் 1988

அஸ்ட்ரி ரோக்ஸ்டா அவர்களுக்கு,

நேற்று உங்கள் அப்பாவின் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தேன். நீங்கள் பெர்கனுக்குப் போயிருப்பதாக வாசலில் சொன்னார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. அக்கம்பக்கத்தாருக்கு இலவசம் என்று பலகை தொங்கியது. நான் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

நானூறு மீட்டர் தள்ளி இருக்கிற வீட்டை ஐம்பத்தெட்டு வயதில் பார்க்க வருகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சின்ன வயதில் பால் கொண்டுவந்து சமையலறையில் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு படிகூட ஏறியதில்லை. இப்போது வந்ததற்கும் காரணம் அந்த வீட்டைக் காட்சிக்கு வைத்து நடத்துகிற உங்கள் அறக்கட்டளைதான். கீழ்ப்புல்வெளியில் எந்தக் காலத்திலும் எதுவும் கட்ட மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். என் அப்பா வாயால் கொடுத்த வாக்கை நான் காகிதத்தில் கொடுக்க வேண்டுமாம். போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். என் மகள் யோருன் தடுத்தாள். "எதுக்காகப் போடறோம்னு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்து போடுங்கப்பா. ஓடியா போகப்போகுது அந்தக் காகிதம்?" என்றாள்.

பூட்ஸுக்கு மேல் துணி உறை மாட்டிவிட்டார்கள். என்னோடு ஒன்பது ஜெர்மானியர்கள். ஓஸ்லோவிலிருந்து வந்த படிக்கிற பெண் ஒருத்தி சுற்றிக் காட்டினாள். சாப்பாட்டு மேஜை, அடுப்பு, புகைக்குழாய், ஹால்வர் ரோக்ஸ்டாவின் தொப்பி, அவர் மூக்குக்கண்ணாடி. மனிதர் கொஞ்சம் வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பது மாதிரி வைத்திருக்கிறீர்கள். நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு மாடியில் அவர் வரைகிற அறை. பெரிய ஜன்னலுக்கு நேரே எங்கள் வீடு. சாம்பல் நிறச் சுவர், சிவப்புக் கதவு, கொடியில் என் மனைவி மாரிட் உலர்த்திய விரிப்புகள். பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினேன். பதினோரு படங்கள். எல்லாம் அதே ஜன்னலிலிருந்து வரைந்தவை. கடல்நீர் இருக்கிறது, கீழ்ப்புல்வெளி இருக்கிறது, ஓடை இருக்கிறது, என் தாத்தா அடுக்கிய கல்வேலிகூட இருக்கிறது. வீடு இருக்க வேண்டிய இடத்தில் புல். ஒன்றில் மட்டும் பனி.

அந்தப் பெண் சொன்னாள்: "பாருங்க, மனுஷன் கையே படாத இயற்கை. அதுக்காகத்தான் ரோக்ஸ்டா இங்கேயே வாழ்ந்தாரு." ஒரு ஜெர்மன் அம்மாள் ஜன்னலைக் காட்டி, "அப்ப அந்த வீடு?" என்று கேட்டாள். "அது பின்னாடி கட்டினதுங்க" என்றாள் சுற்றிக் காட்டிய பெண். "ஆமா, பின்னாடிதான். ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறுல" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழே வந்து துணி உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தேன்.

1949-இல் எங்கள் தொழுவம் எரிந்துபோனது. புதியதை அப்பா கீழ்ப்புல்வெளியில் கட்டப்போனார். நான் அப்போது ராணுவப் பயிற்சியில் இருந்தேன். ஆனால் அப்பா அந்தக் கதையை நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் அப்பா இறங்கி வந்து சொன்னாராம்: "மோன்ஸ், அந்த எடத்த மறைச்சிடாதப்பா. நீ மறைக்காம இருந்தா, என் கை ஆடற வரைக்கும் நான் வரையற ஒவ்வொரு படத்துலயும் உன் வீடு இருக்கும்." அப்பா சம்மதித்துக் கை கொடுத்தார். தொழுவத்தை மேலே, மலைச்சரிவுக்கு அடியில் கட்டினார். 1974 பிப்ரவரியில் பனிச்சரிவு அதை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். விடிகாலையில் பால் கறக்கப் போன என் தம்பி ட்ரோனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மலர்வளையத்தோடு நீங்களும் வந்திருந்தீர்கள்.

அப்பா சாகும்வரை, "நம்ம வீடு ஓஸ்லோவுல பெரிய மனுஷங்க சுவத்துல தொங்குதுடா" என்று பெருமை பேசினார். ஒரு முறை வங்கிக் காலண்டரில் ரோக்ஸ்டாவின் படம் வந்தது. அதில் வீடு இல்லை. "அது வேற பக்கத்துலேந்து வரைஞ்சது" என்று சொல்லிவிட்டார். ஒரு நாள்கூட மேலே வந்து பார்க்கவில்லை. கை கொடுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பது அவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. இந்த ஊரில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

உங்கள் அப்பா என் அப்பாவை ஏன் ஏமாற்றினார்? பதிலை எழுத்தில் கொடுங்கள். நேரில் வர வேண்டாம். அதுவரை கையெழுத்து கிடையாது.

சீவெர்ட் லெய்ரா

*

ரோக்ஸ்டா இல்லம்
9 ஜூன் 1988

அன்புள்ள சீவெர்ட்,

நான் எப்போது 'அவர்களுக்கு' ஆனேன்? நாற்பது வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நீ, நான் என்று பேசியவர்கள் நாம். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது தபால்காரர் சிரித்தார். "ரெண்டு பேரு பெட்டியும் ஒரே கட்டையில தொங்குது. இதுக்குப் போய் ஸ்டாம்ப் ஒட்டி, படகுல ஏத்தி, பட்டணம் சுத்திட்டு வருதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் அந்தப் பெண். அவளைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டாள்.

ஆனால் சீவெர்ட், ஓவியர் புகைப்படக்காரர் இல்லை. கண்ணில் படுவதையெல்லாம் அவர் வரைந்தாக வேண்டும் என்று யார் சொல்வது? ஒரு நாள் மரத்தை விடுவார், ஒரு நாள் மலையையே நகர்த்துவார். அப்பா வேண்டுமென்றே உன் குடும்பத்தை அவமதித்தார் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர் உன் அப்பாவை மதித்தார். அன்று நானும் உங்கள் முற்றத்தில் இருந்தேன். கை கொடுத்தது நினைவிருக்கிறது. வீட்டைப் பற்றி ஏதோ பேசினார்கள்தான், காபி குடிக்கும்போது பேசுகிற பேச்சு. நான் உன் அம்மாவோடு கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஒரு நிபந்தனை என்று எனக்குத் தோன்றவில்லை.

ட்ரோனைப் பற்றி நீ எழுதியதை இரண்டாவது முறை படிக்க முடியவில்லை.

தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடு. ஜனங்கள் இங்கே தொப்பியையும் மூக்குக்கண்ணாடியையும் பார்க்க வருவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள், ஜன்னலைப் பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பார்க்கிறார்கள். அதற்காகத்தான் வருகிறார்கள். அந்த ஜன்னலில் தகரக் கூரை தெரிந்தால் இரண்டே வருஷத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். சமையலறைக்கு மேலே இரண்டு அறையில் நான் இருக்கிறேன். எனக்கு வேறு இடம் இல்லை. அறுபது வயதில் எங்கே போய் ஒண்டுவேன்?

அஸ்ட்ரி

*

லெய்ரா பண்ணை
27 ஜூன் 1988

அஸ்ட்ரி ரோக்ஸ்டா அவர்களுக்கு,

அறக்கட்டளையின் வக்கீலிடமிருந்து உறை வந்தது. ஆகஸ்ட் 22 அன்று சமரச மன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டில் வாய்வார்த்தையும் ஒப்பந்தம்தானாம், அப்பாவின் வாக்கு என்னையும் கட்டுமாம். சாட்சியாக ஒரு வாக்குமூலத்தின் நகல் வைத்திருக்கிறார்கள். "1949 ஆகஸ்டில் மோன்ஸ் லெய்ரா எந்த நிபந்தனையும் இன்றித் தாமாக வாக்களித்ததை நேரில் கண்டேன்." கீழே உங்கள் கையெழுத்து. தேதி ஜூன் 13.

எனக்கு நீங்கள் எழுதியது ஒன்பதாம் தேதி. 'வீட்டைப் பற்றி ஏதோ பேசினார்கள்தான்' என்று அதில் இருக்கிறது. நான்கே நாளில் அந்த 'ஏதோ' எங்கே போனது? அன்று அந்த முற்றத்தில் இருந்தவர்களில் என் அம்மாவும் நீங்களும்தான் மிச்சம். அம்மாவுக்கு எண்பது வயது, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவரை யாரும் மன்றத்துக்கு இழுத்து வர மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்துதான் போட்டிருக்கிறீர்கள். ஒரு கையால் எனக்கு 'அன்புள்ள' என்று எழுதிக்கொண்டே இன்னொரு கையால் கழுத்தை அறுத்திருக்கிறீர்கள்.

யோருன் விவசாயப் பள்ளியை முடித்துவிட்டாள். பண்ணையை எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறாள். ஆனால், "சித்தப்பா செத்த அந்தச் சரிவுக்குக் கீழ நான் ஒரு கன்னுக்குட்டியக்கூடக் கட்ட மாட்டேன். தொழுவம் கீழ வரும்னா இருக்கேன், இல்லன்னா ஸ்டவாங்கர்ல வேலை பாத்து வச்சிருக்கேன்" என்கிறாள். அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. மேலே மறுபடி கட்டிய கொட்டகைக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போய்வருகிறேன். எங்களிடம் சமதளம் என்று இருப்பது அந்தக் கீழ்ப்புல்வெளி ஒன்றுதான். அவள் போய்விட்டால் லெய்ரா பண்ணை என்னோடு முடிந்தது.

இன்னொரு சங்கதி. போன வாரம் முதுகுவலிக்காகப் படகுத்துறை டாக்டரிடம் போனேன். பழைய டாக்டரின் மகன் அவர். காத்திருக்கும் அறையில் ரோக்ஸ்டாவின் படம் ஒன்று தொங்குகிறது. 1955-இல் அவர் அப்பா நேராக உங்கள் அப்பாவிடமே வாங்கியதாம். அதில் எங்கள் வீடு இருக்கிறது. சாம்பல் சுவர், சிவப்புக் கதவு, புகைபோக்கியில் புகை. பேரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் இருப்பதும் இல்லாததும் தெரியும். உங்கள் அப்பா வாக்கை மீறவில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிட்டேன், அதற்காக வெட்கப்படுகிறேன். அப்படியானால் அந்தப் பதினோரு படங்களில் எங்கள் வீடு எங்கே?

சீவெர்ட் லெய்ரா

*

1 ஜூலை 1988

சீவெர்ட்,

நாளை எழுதுகிறேன்.

அ.

*

23 ஜூலை 1988

மூன்று வாரம் ஆயிற்று. வைக்கோல்கூட உள்ளே வந்துவிட்டது. உங்கள் நாளை இன்னும் வரவில்லை.

சீ. லெய்ரா

*

ரோக்ஸ்டா இல்லம்
4 ஆகஸ்ட் 1988

சீவெர்ட்,

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்கு முன் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

அப்பா 1961 வசந்தத்தில் போனார். விற்காத படங்கள் முப்பத்தொன்று இருந்தன. எல்லாவற்றிலும் உங்கள் வீடு இருந்தது. சொன்ன சொல்லில் ஒரு படத்தில்கூட அவர் தவறவில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த கடைசி மாதத்தில் வரைந்த சின்னப் படத்தில்கூடச் சிவப்புக் கதவுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தார்.

பெர்கனிலிருந்து ஓவிய வியாபாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். "படம் அருமைதாம்மா. ஆனா இந்தக் குடிசை எல்லாத்துலயும் வந்து நிக்குதே. பட்டணத்துக்காரங்க பக்கத்து வீட்டுக்காரன மறக்கத்தானே படம் வாங்கறாங்க? இது இல்லன்னா நாளைக்கே எடுத்துக்கறேன்" என்றார். அப்போது இந்த வீடு கைவிட்டுப் போகிற நிலையில் இருந்தது. எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு தொழிலும் தெரியாது. அப்பாவின் பச்சையைக் கலக்க மட்டும் தெரியும். அதை அவரே கற்றுக்கொடுத்திருந்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் முப்பத்தொரு படங்களிலும் உங்கள் வீட்டை மூடினேன். அவருடைய தூரிகை, அவருடைய வண்ணம். முதல் வீட்டுக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. கை வரவில்லை, அழுகை வந்தது. கடைசி வீட்டைக் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். என்னைப் பற்றி நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதைத் தெரிந்துகொள்.

இருபது விற்றன. மிச்சம் பதினொன்று நீ பார்த்தவை. அவற்றில் ஜன்னலிலிருந்து மூன்றாவது படத்தில் ட்ரோன் இருந்தான். எட்டு வயதுப் பையனாகக் கல்வேலி மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனையும் மூடினேன். அப்போது நிஜ ட்ரோனுக்குப் பதினைந்து வயது, பால்கேனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நடந்து போய்க்கொண்டிருந்தான். அதனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

உன் அப்பாவிடம் அன்றே சொல்லியிருந்தால் அவர் தொழுவத்தைக் கீழே கொண்டுவந்திருப்பார். எங்கள் பக்கம் வாக்கு உடைந்துவிட்டது, அவரை எதுவும் கட்டியிருக்காது. பனிச்சரிவுக்கு முன் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. தினமும் அவரைப் பார்த்தேன். தினமும் வணக்கம் சொன்னேன். சொல்லியிருந்தால் ஜன்னல் போயிருக்கும், அதனால் சொல்லவில்லை.

அடக்கத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹால்வர் படத்துல என் புள்ள இருக்கான். வேலி மேல ஒக்காத்தி வரைஞ்சேன்னு அவரே சொன்னாரு. அதாவது இருக்கே அஸ்ட்ரி" என்றார். நான், "ஆமா குன்வோர், இருக்கான்" என்றேன்.

வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாக இன்று வக்கீலுக்கும் எழுதிவிட்டேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன்னுடையது, மன்றத்தில் காட்டு. அதற்குப் பிறகு படம் வாங்கியவர்கள் என்னை என்ன செய்வார்களோ, செய்யட்டும். ஓஸ்லோவில் பழைய படங்களைச் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே பூசியதைக் கரைத்து எடுக்க முடியும் என்கிறார்கள். அந்த மூன்றாவது படத்தை முதலில் அனுப்பப் போகிறேன். திரும்பி வந்ததும் ஒரு முறை வந்து ட்ரோனைப் பார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை போதவில்லை. வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அஸ்ட்ரி

*

லெய்ரா பண்ணை
29 ஆகஸ்ட் 1988

அஸ்ட்ரி ரோக்ஸ்டா அவர்களுக்கு,

மன்றத்தில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவர் படகுத்துறைக் கடைக்காரர் ஹாகன். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ட்ரோன் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு மீதியை மனதுக்குள் படித்தார். பிறகு அறக்கட்டளை வக்கீலைப் பார்த்து, "இதுக்கு மேல என்னங்க பேசறது?" என்றார். வக்கீல் காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கீழ்ப்புல்வெளி எங்களுடையது. யோருன் குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டாள். செப்டம்பரில் அஸ்திவாரம். கூரை தகரம்தான், உங்கள் ஜன்னலுக்கு நேர் நடுவில் வரும்.

உங்களை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். படவில்லை. வருத்தமும் படவில்லை.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்ததால் சொல்கிறேன். பதினான்கு வருஷமாக நாங்கள் பனியைத்தான் சபித்தோம். அப்பா பனியைச் சபித்துக்கொண்டே செத்தார். பனிமேல் வருகிற கோபம் வசந்தம் வந்தால் கொஞ்சம் அடங்கும், அப்படித்தான் காலத்தை ஓட்டினோம். இப்போது அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அந்த முகம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இத்தனை வருஷம் எனக்கு வணக்கம் சொன்ன முகம். உண்மையைச் சொன்னீர்கள், சரி. உங்கள் மனப்பாரம் குறைந்திருக்கும். அது என் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

படத்தைப் பார்க்க வர மாட்டேன். நம்பியதால் என் அப்பா வந்து பார்க்கவில்லை. நான் வராததற்குக் காரணம் அது இல்லை.

ஆனால் அம்மா இருக்கிறார். நான் ரோக்ஸ்டா வீட்டுக்குப் போன விஷயத்தை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். நேற்று போனதும் முதல் கேள்வி, "பாத்தியாமே? நம்ம ட்ரோன் இருக்கானா?" என்னால் என்ன செய்ய முடியும்? "இருக்கான்மா. வேலி மேல ஒக்காந்திருக்கான்" என்றேன். "கால ஆட்டிக்கிட்டா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அம்மாவிடம் சொன்ன முதல் பெரிய பொய், அதுவும் உங்களுடையது. இன்னொரு ஞாயிறு என்னால் அதைச் சொல்ல முடியாது.

படத்தைச் சுத்தம் செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம். அதை அங்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டித் தப்பிக்க முடியாது. அம்மாவுக்குக் கண் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்குச் செய்த மாதிரி கடிதமாக எழுதிக் கொடுக்கவும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாயால் சொல்ல வேண்டும். முப்பத்தொன்றையும் சொல்ல வேண்டும், மூன்றாவதையும் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன், யோருனையும் சொல்ல விட மாட்டேன்.

முதியோர் இல்லத்தில் பார்வையாளர் நேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. அம்மா முதல் மாடியில், இடது கைப்பக்கம் கடைசி அறையில் இருக்கிறார்.

சீவெர்ட் லெய்ரா